பஞ்சு ஒட்டாத பக்கங்கள்

எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது. குழுவை நடத்துபவர் பணியில் இருந்தபோது தலைமை ஆசிரியர். அந்தப் பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. ‘எதுவும் எழுதாமல் வேடிக்கை மட்டும் பார்ப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் ஏதாவது பதிவிட வேண்டும். தவறினால் நீக்கப்படுவார்கள்’ என்று போட்டிருந்தார். அடுத்த நிமிடம், மூன்று வருடமாக மூச்சுக் காட்டாதவர்கள் எல்லாம் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போது சாயங்காலம் ஐந்து மணி. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே முகமும் சுட்டது. ஏறக்குறைய அதே உத்தரவை, அதே தோரணையில், நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன்.

எழுபதுகளில் நாமக்கல்லில் ஒரு பள்ளி விடுதியில் ஒரே அறையில் படுத்து எழுந்த எட்டுப் பெண்கள் நாங்கள். பதினோராம் வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போனோம். என்னைத் தவிர ஏழு பேருக்கும் அடுத்தடுத்துக் கல்யாணம் ஆயிற்று. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, சொந்த ஊரான புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒவ்வொருத்தியும் மற்ற ஏழு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதுவது ஆகிற காரியமா? நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ஒரே நோட்டு. நான் எழுதி அடுத்தவளுக்கு அனுப்புவேன். அவள் படித்துவிட்டுத் தன் பங்கை எழுதி அதற்கடுத்தவளுக்கு அனுப்புவாள். எட்டாவது ஆளிடமிருந்து அது மறுபடி என்னிடம் வரும். சுற்று நோட்டு என்று பெயர் வைத்தோம்.

நோட்டு தபாலில் போகவில்லை. மஞ்சள் பைக்குள் வைத்துப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம், அந்த ஊரில் யாராவது நின்று வாங்கிக்கொள்வார்கள். ராசிபுரம், சேலத்துக்கு வெளியே மலைப்பாதை ஆரம்பிக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி, சங்ககிரி, நாமக்கல், பரமத்தி, திருச்செங்கோடு என்று சுற்றிவிட்டுக் கடைசியாகக் குமாரபாளையம் போகும். அங்கிருந்து நூல் லாரி ஒன்றில் ஏறி, எங்கள் ஊர் டீக்கடையில் இறங்கும். ஒரு சுற்றுக்கு இரண்டரை மாதம் ஆகும். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டோம். எனக்குப் புதுச்சத்திரம் என்று பெயர்.

எல்லோரும் எழுதினார்கள், குமாரபாளையத்தைத் தவிர. அவள் விசைத்தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். விடுதியிலும் அவள் அதிகம் பேசியதில்லை. ஆனால் இப்படி ஒரேயடியாக வாயைத் தைத்துக்கொள்வாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. நோட்டு அவளிடம் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். வரும்போது அவளுக்கு விட்ட பக்கம் வெள்ளையாகவே வரும். சௌக்கியம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் அவள் படித்தாள் என்பது மட்டும் தெரியும். பக்கங்களுக்கு நடுவே பஞ்சு இருக்கும். அவள் வேலை தார் சுற்றுவது, அதாவது தறி நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் மெஷினை வைத்து நூல் ஏற்றுவது. மெஷின் ஓட ஓட நூலிலிருந்து மெல்லிய தூசு பறந்து வந்து விரித்து வைத்த பக்கத்தில் படிந்துவிடும். ஒரு சுற்றில் சிவப்பாக வரும், ஒரு சுற்றில் பச்சையாக. அந்த மாதம் அவர்கள் வீட்டில் என்ன கலர் லுங்கி ஓடியது என்பதுகூட எங்களுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கத்தில் அதிக நேரம் இருந்தாளோ அந்தப் பக்கத்தில் பஞ்சு தடிப்பாக இருக்கும்.

குமாரபாளையத்துக்கு அடுத்தவள் நான் என்பதால் பஞ்சை முதலில் பார்ப்பது நான்தான். விளையாட்டாக ஆரம்பித்தேன். ஒவ்வொரு சுற்றின் முதல் பக்கத்திலும் ‘இந்தச் சுற்றில் பஞ்சு யாருக்கு?’ என்று தலைப்புப் போட்டு முடிவு அறிவிப்பேன். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. நோட்டு கைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். நாமக்கல் தன் கோழிப்பண்ணையைப் பற்றி எழுதுவாள். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தியது, மாமனாரை எந்தச் சேவல் துரத்தியது என்று ஒரே கூத்தாக இருக்கும். பெரும்பாலான சுற்றுகளில் பஞ்சு அவளுக்குத்தான். சங்ககிரிக்கும் இரண்டு முறை கிடைத்தது. அவள் கணவன் லாரிக்குக் கூண்டு கட்டுகிறவர். அவர் அளவு தப்பாக எடுத்துவிட்டு அசடு வழிந்த கதையில் பஞ்சு அப்பிக் கிடந்தது.

எனக்கு ஒரு முறைகூட இல்லை.

பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான். சுற்று நோட்டிலும் மற்றவர்கள் இரண்டு பக்கம் எழுதினால் நான் ஆறு பக்கம் எழுதுவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றி, படித்த கதைகளைப் பற்றி, அப்பாவைப் பற்றி. அப்பா தினமும் ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க மாட்டார். ரேடியோவில் பேசுகிறவரோடு சண்டைக்கே போவார். ‘நீ வந்து ஒரு குச்சிக்கிழங்கைப் புடுங்கிக் காட்டு, அப்பறம் எனக்கு யோசனை சொல்லு’ என்பார். இதையெல்லாம் உருகி உருகி எழுதியிருப்பேன். நோட்டு திரும்பி வரும்போது என் ஆறு பக்கமும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி சுத்தமாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன், விரலால் தடவிப் பார்ப்பேன். ஓர் இழை இருக்காது. பிறகு அடுத்த சுற்றின் முதல் பக்கத்தில், என் கையாலேயே, ‘பஞ்சு நாமக்கல்லுக்கு’ என்று எழுதுவேன்.

எனக்குப் பொறாமை. வேறு நாகரிகமான பெயர் அதற்கு இல்லை. எட்டுப் பேரில் ஒரு வரிகூட எழுதாதவள் படித்துச் சொல்கிற தீர்ப்புக்காக நான் ஏன் இப்படி ஏங்கிச் சாக வேண்டும் என்று என் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு நியாயம் என்று ஒரு சட்டை மாட்டிவிட்டேன்.

அடுத்த சுற்றில் எழுதினேன்: ‘எட்டுப் பேர் நோட்டில் ஏழு பேர் மட்டும் எழுதுவது முறையல்ல. நாம் நம் வீட்டு விஷயம் எல்லாம் கொட்டுகிறோம், ஒருத்தி மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இனி ஒவ்வொருவரும் ஒரு சுற்றுக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த சுற்றில் நோட்டு போகாது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.’

கருத்து வந்தது. கும்மியில் கை தட்டாமல் ஒருத்தி நடுவில் நின்றால் ஆட்டம் கெட்டுப்போகாதா என்று ராசிபுரம் என் பக்கம் சேர்ந்தாள். பரமத்தியும் திருச்செங்கோடும் ஆமாம் போட்டார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டி மட்டும் மறுத்தாள். அவர்களுக்கு மலையடிவாரத்தில் டீக்கடை. ‘எங்கள் கடை பெஞ்சில் ஒன்றும் பேசாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் நாலு பேர் உண்டு. அவர்கள் இருப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் உள்ளே வந்து பேசுகிறார்கள். பேசாவிட்டால் எழுந்து போ என்று நான் யாரையும் சொல்ல மாட்டேன்’ என்று எழுதியிருந்தாள். நான் அதை இரண்டு முறை படித்தேன். சரியாகத்தான் பட்டது. சரியாகப் பட்டதாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது. பெரும்பான்மை என் பக்கம் என்று சட்டத்தைப் போட்டுவிட்டேன்.

அதற்கடுத்த சுற்றில் குமாரபாளையம் முதல்முறையாக எழுதியிருந்தாள். ‘எல்லாரும் நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். நோட்டு வந்துச்சு.’ அவ்வளவுதான். பக்கத்தின் மிச்சம் வெறுமையாக இருந்தது. நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த நேரம், கையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. அந்த மூன்று வாக்கியங்களுக்கு அடியில் ஒரு கோடு இழுத்து, ‘ஒரு பக்கம் ஆகவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவளுக்கு ஒரு கார்டு போட்டேன், அடுத்த சுற்றிலிருந்து நோட்டு வராது என்று. அவளிடமிருந்து பதில் இல்லை.

பிறகு இரண்டு சுற்றுகள் நோட்டு திருச்செங்கோட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தது. எல்லாப் பக்கமும் சுத்தம். முதல் பக்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லை. நாமக்கல் கோழிகளைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு ‘மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை’ என்று முடித்துக்கொண்டாள். சங்ககிரி அரைப் பக்கத்தோடு நின்றாள். கட்டாயம் என்று ஆனதும் ஆளாளுக்கு ஒரு பக்கத்தை நிரப்பினார்கள், பெரிய எழுத்தாக, வரிக்கு வரி இடம் விட்டு. என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள்.

எனக்கோ ஒரு கேள்வி குடையத் தொடங்கியது. அவள் ஏன் எழுதவில்லை? மாமியார் தடுக்கிறாளோ? எழுத்து மறந்துபோயிற்றோ? எங்கள் மேல் ஏதாவது வருத்தமோ? அதைவிடப் பெரிய கேள்வி, என் பக்கங்களை அவள் ஏன் படிக்கவே இல்லை? படிக்க முடியாத அளவுக்கா எழுதுகிறேன்? இந்த இரண்டாவது கேள்வி பள்ளிக்கூடத்தில் கூட்டல் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுகூட விடவில்லை.

பவானியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பாலத்தைத் தாண்டி நடந்தே குமாரபாளையம் போனேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். தெரு முழுக்கத் தறிச்சத்தம். அவள் வீட்டு வாசலில் நின்றபோது காதுக்குள் மட்டுமல்ல, பல்லுக்குள்ளும் அது கேட்டது. மாமியார்தான் முதலில் பார்த்தார். “வா சாமி, வா வா, உள்ள வா” என்று அவர் சொன்னதை வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். மாமியார் கொடுமை என்று நான் கட்டி வைத்திருந்த கதை அந்தச் சிரிப்பிலேயே பாதி இடிந்துவிட்டது.

அவள் தார் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை, புருவம், சேலை எங்கும் நீலப் பஞ்சு. என்னைப் பார்த்ததும் குதித்து எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏதோ கேட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் கத்திக் கத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தோம். பஞ்சம் பிழைக்கப் போனவள் போல மெலிந்திருப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளோ நன்றாகச் சதை போட்டு, கன்னம் மின்ன இருந்தாள்.

திடீரென்று எல்லாம் நின்றது. மின்வெட்டு. அந்த வீட்டுத் தறி, அடுத்த வீட்டுத் தறி, தெருவின் மொத்தத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. எங்கோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. அவள் சட்டென்று கைகால் கழுவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வா புள்ள, மாடிக்குப் போலாம்” என்றாள்.

மாடியில் ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே ஒரு பாய். உட்கார்ந்ததும் நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“ஏம்புள்ள, ஒரு பக்கம் எழுதறதுக்கு உனக்கென்ன கேடு?”

“எழுதறதுக்கு ஒண்ணும் தோணலியே. நானும் பேனாவ எடுத்து எடுத்து வெச்சுப் பாத்தேன். படிச்சாப் போதும்னு இருக்குது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். நீ வேற என்ன நெனச்ச?”

நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. நெஞ்சில் இருந்த அடுத்த கேள்வியை, கேலி மாதிரி ஆக்கிக் கேட்டேன். “படிக்கறேங்கற. என்ற பக்கத்துல மட்டும் ஒரு நாளும் பஞ்சக் காணமே? கோழிக்குத்தான் மவுசா?”

அவள் முதலில் விழித்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அட கிறுக்கி! கோழிக் கதையெல்லாம் மெஷின்கிட்ட வெச்சுக்கிட்டே படிச்சுப் போடலாம். கை பாட்டுக்கு வேல செய்யும், நான் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டிருப்பேன். உன்றத அப்படிப் படிக்க முடியுமா? கரண்ட்டு எப்பப் போகும்னு காத்துக்கிட்டு இருப்பேன். போனதும் கையக் கழுவிக்கிட்டு இங்க வந்து உக்காந்து படிப்பேன். இந்தப் பாயிலதான்.”

நான்கு வருடம் நான் தடவித் தடவிப் பார்த்து அழுத சுத்தமான பக்கங்கள், அவள் கை கழுவிவிட்டு வந்து படித்த பக்கங்கள்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “நானே உன்னையக் கேக்கோணும்னு இருந்தேன். உங்கப்பா உங்கூடப் பேசறதில்லையா?”

இதை எழுதுகிற இப்போதும் அந்த விஷயத்தை இத்தனை தூரம் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன் பாருங்கள். அந்தச் சட்டத்துக்குக் கருத்துக் கேட்ட சுற்றுக்கு முந்தைய சுற்றில், தை மாதத்தில், மாமன் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன். அப்பா தன் மைத்துனருக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. அதற்குள் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்புச் சோறு. நான் எதிரிலேயே நிற்பேன், அவர் அம்மாவைப் பார்த்து, “பள்ளிக்கூடம் போறவள வெயிலுக்கு முன்னால கெளம்பச் சொல்லு” என்பார். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. நோட்டில் ஒரு வரி எழுதவில்லை.

“உனக்கு யார் சொன்னது?” என்றேன்.

“யாரும் சொல்லல. முன்னெல்லாம் உன்ற பக்கத்துல அப்பா பேசிக்கிட்டே இருப்பாரு. அப்பா இப்படிச் சொன்னாரு, அப்படிச் சொன்னாருன்னு எழுதுவ. நான் கடைசியாப் பாத்த மூணு சுத்துலயும் அப்பா வாராரு, சாப்பிடறாரு, காட்டுக்குப் போறாரு. வாயே தொறக்கல.”

நான் அழுதுவிட்டேன். ஆறு ஆறு பக்கமாக எழுதித் தள்ளியவள் நான். அவற்றை ஆறு பேர் படித்துப் பாராட்டியும் இருந்தார்கள். எழுதாமல் விட்டதைப் படித்தவள் ஒருத்திதான். அவளைத்தான் நான் சிவப்பு மை போட்டு வெளியே தள்ளியிருந்தேன். வீட்டில் ஒருவரைப் பேச வைக்க முடியாத ஆத்திரத்தை, கேட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தியின் மேல் காட்டியிருக்கிறேன் என்பது அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. பேசவில்லை என்பதைத் தவிர அப்பாவுக்கும் அவளுக்கும் என்ன ஒற்றுமை?

அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கரண்ட்டு வந்தது. தெரு மறுபடி அதிர ஆரம்பித்தது. “நோட்டு வரும், படி” என்று அவள் காதில் கத்திவிட்டுக் கிளம்பினேன்.

அந்தச் சுற்றில் சட்டத்தை ரத்து செய்தேன். பஞ்சு விஷயத்தையும், என் பொறாமையையும், அப்பாவின் பதினோரு மாதத்தையும் எழுதினேன். மூன்று பக்கம்தான் வந்தது. எழுத இரண்டு வாரம் ஆயிற்று. சிவப்பு மைப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். அதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை. கிழித்தால் தையல் விட்டு, அதோடு இணைந்த தாளில் முன்னால் இருக்கும் கோழிக் கதையும் கழன்று வரும் என்று விட்டுவிட்டேன். அவள் பார்க்கப் போகிறாளே என்று இரண்டரை மாதமும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளி விடுமுறை. டீக்கடையிலிருந்து நோட்டை வாங்கி வந்து பிரித்தேன். கூடத்தில் அப்பா ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முதலில் என் மூன்று பக்கங்களைத் திருப்பினேன். சாய்த்துப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். ஓர் இழை பஞ்சு இல்லை. பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு சிவப்பு மைப் பக்கத்துக்குப் போனேன். ‘ஒரு பக்கம் ஆகவில்லை’ என்ற எழுத்தே தெரியாத அளவுக்கு மஞ்சளும் நீலமுமாகப் பஞ்சு அப்பிக் கிடந்தது. என் உத்தரவை அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, கோழிக் கதையைப் போலப் படித்துப் படித்துச் சிரித்திருக்கிறாள்!

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர, தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

ரேடியோவின் சத்தம் குறைந்தது.

“ஏஞ்சாமி, எதுக்கு இந்தச் சிரிப்புச் சிரிக்கற?”

அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் முறம் அப்படியே நின்றுவிட்டது. நோட்டைக் கொண்டுபோய், பஞ்சு அப்பிய பக்கம் மேலே இருக்கும்படி அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார், எழுத்துப் பிடிபடவில்லை. கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.